க்ரூ மனசு உடைஞ்சு நிக்கும்போது ஃப்ளைட் கிளம்பணுமா?

காலை 6.05-க்கு ஃப்ளைட். அதுக்காக 3 மணிக்கே எழுந்து, கேப் பிடிச்சு, செக்யூரிட்டி வரிசையில் பெல்ட்டைக் கழட்டி மாட்டி, ஒருவழியா கேட் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க. திடீர்னு போர்டில் உங்க ஃப்ளைட் நம்பருக்கு நேரே 'கேன்சல்டு' என்று வருகிறது. மொபைலுக்கு வந்த மெசேஜில் காரணம் என்று இரண்டே வார்த்தை: 'ஆபரேஷனல் ரீசன்ஸ்.'

என்ன செய்வீங்க? முதலில் கோபம் வரும். அடுத்து ஏர்லைன்ஸை டேக் செய்து ஒரு காரசாரமான போஸ்ட். தப்பே இல்லை. காசு உங்களுடையது, நாளும் உங்களுடையது.

ஆனால், அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் சில நேரம் என்ன இருக்கும் என்பதற்கு நிஜத்தில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது.

2019 ஜூலை 17. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம். போர்ச்சுகலின் டேப் நிறுவனத்தின் விமானம் ஒன்று அன்று காலை 6.05-க்கு அங்கிருந்து லிஸ்பனுக்குக் கிளம்ப வேண்டும். அதிகாலை 4.15-க்கு, அந்த விமானத்தை ஓட்ட வேண்டிய துணை விமானி, தங்கியிருந்த ஹோட்டல் படுக்கையில் இறந்துகிடப்பது தெரியவந்தது. மருத்துவப் பரிசோதனைகளை எல்லாம் ஒழுங்காக முடித்துத் தேறியவர்தான். யாரும் எதிர்பார்க்காத மரணம். அதிர்ச்சியில் உறைந்துபோன மொத்த க்ரூவும், 'நாங்கள் பறக்கும் நிலையில் இல்லை' என்று அறிவித்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் மாற்று ஆட்கள் யாரும் இல்லை. ஃப்ளைட் கேன்சல்.

பிறகு லிஸ்பனிலிருந்து ஒரு மாற்று க்ரூ காலை 11.25-க்குக் கிளம்பி, மதியம் 3.20-க்கு ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தது. பயணிகளுக்கான மாற்று விமானம் மாலை 4.40-க்கு. கிட்டத்தட்ட பத்தரை மணி நேரத் தாமதம்.

இப்போ சொல்லுங்க, அந்த க்ரூ செய்தது சரியா?

'பாவம்தான், ஆனா...'

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, 'கூட வேலை பார்த்தவர் செத்துக்கிடக்கார், எப்படிங்க ஃப்ளைட் ஓட்டுவாங்க?' இன்னொன்று, 'பாவம்தான், ஆனா துணை விமானி மட்டும்தானே இல்லை? மத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க? டாக்டர், போலீஸ், ஃபயர் சர்வீஸ்னு எல்லாரும் தினம் சாவைப் பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போறதில்லையா?'

இரண்டாவது கேள்வியை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அந்த விமானத்தில் இருந்தவர்களில் யாரோ ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கலாம். யாரோ ஒருவர் அப்பாவின் இறுதிச் சடங்குக்குக் கிளம்பியிருக்கலாம். அவர்களின் துக்கம் மட்டும் துக்கம் இல்லையா?

அதனால் இதை 'பாவம்' பார்க்கும் விஷயமாக மட்டும் பேசினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். பாதுகாப்பு என்ற பக்கத்திலிருந்து பார்க்கலாம். அங்கே பதில் கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது.

ஊதிக் காட்டச் சொல்றோமே, ஏன்?

இந்தியாவில் பணிக்கு வரும் விமானிகளும் கேபின் க்ரூவும் மது அருந்தவில்லை என்பதை ஊதிக் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். அளவு காட்டினால் அவ்வளவுதான். அவரை இறக்கிவிட்டு வேறு ஆள் தேடுவார்கள். விமானிக்கு முதல் முறையே 3 மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகும். அதனால் ஃப்ளைட் தாமதமானால், 'கொஞ்சம்தானே குடிச்சிருக்கார், அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டச் சொல்லுங்க' என்று எந்தப் பயணியும் கேட்பதில்லை.

தூக்கமும் அப்படித்தான். விமானிக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று விதி இருக்கிறது. 2023 ஜூனில் லண்டனிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று, மோசமான வானிலையால் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டது. அங்கிருந்து டெல்லிக்குச் சின்ன தூரம்தான். ஆனால் பணி நேரம் முடிந்துவிட்டதால் விமானிகள் மேற்கொண்டு ஓட்டவில்லை. பயணிகள் கொதித்தார்கள். ஆனாலும் விதி விதிதான்.

மதுவும் தூக்கமின்மையும் என்ன செய்கின்றன? கவனத்தைச் சிதறடிக்கும். முடிவெடுக்கும் வேகத்தைக் குறைக்கும். சின்ன தவறுகள் கண்ணில் படாமல் போகும். இப்போது அதிர்ச்சி என்ன செய்யும் என்று பாருங்கள். பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவரின் மனம் நடந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். கவனம் ஒரே புள்ளியில் குறுகிவிடும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும். ராத்திரி தூக்கம் வராது. கிட்டத்தட்ட அதே பட்டியல்!

விமானத்துறைக்கு இது புதிய விஷயமும் இல்லை. 'நான் இன்னைக்குப் பறக்கத் தகுதியா இருக்கேனா?' என்று விமானிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஒரு பிரபலமான சோதனைப் பட்டியல் உண்டு. 'ஐயாம் சேஃப்' என்பது அதன் பெயர். உடல்நலக் குறைவு, மருந்து, மன அழுத்தம், மது, சோர்வு, உணர்ச்சி நிலை என்று 6 விஷயங்கள். அதில் இரண்டு மனசு சம்பந்தப்பட்டவை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும், தன் உடல், மனத் தகுதி குறைந்திருப்பது தெரிந்தால் லைசென்ஸ் உள்ளவர் அந்தப் பணியைச் செய்யக் கூடாது என்றே சொல்கிறது.

அப்படிப் பார்த்தால், ஸ்டுட்கார்ட் க்ரூ யாரிடமும் சலுகை கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தது.

'கேபின் க்ரூதானே?' என்று கேட்பவர்களுக்கு...

'சரி, விமானிகள் ஓகே. சாண்ட்விச் கொடுக்கிறவங்களுக்கு என்ன?' என்று ஒரு குரல் வரும். இந்த இடத்தில் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

கேபின் க்ரூ விமானத்தில் இருப்பதற்குச் சட்டப்படியான காரணம் சாண்ட்விச் இல்லை. ஆபத்து வந்தால் உங்களை வெளியே கொண்டுவருவதுதான். அதனால்தான் கிட்டத்தட்ட 50 சீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் கேபின் க்ரூ இருந்தே ஆக வேண்டும். நம் ஊர்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் 320 விமானத்தில் 180 சீட் என்றால், குறைந்தது 4 பேர். தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்குப் போகும் 78 சீட் ஏ.டி.ஆர் விமானத்தில் 2 பேர். அதில் ஒருவர் உடைந்துபோனால், ஃப்ளைட்டின் அவசரகாலப் படையில் பாதி காலி.

பெரிய பயணிகள் விமானங்களுக்கு அனுமதி தரும்போது ஒரு நிபந்தனை உண்டு. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிகளுக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் அது எவ்வளவு கஷ்டம் என்பதை 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோவின் ஹனேடா ஏர்போர்ட்டில் உலகம் பார்த்தது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. கடலோரக் காவல்படை விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். ஆனால், ஜப்பான் ஏர்லைன்ஸில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அந்த விமானத்தில் இருந்த 8 கதவுகளில் 3 மட்டுமே பாதுகாப்பாக இருந்தன. எந்தப் பக்கம் நெருப்பு, எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறந்தால் எல்லோரும் காலி என்று ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவெடுத்தது யார்? கேபின் க்ரூ. அன்று காலை அவர்களில் சிலர் நண்பரின் உடலைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்திருந்தால்? அந்த 3 கதவுகளை அதே தெளிவோடு தேர்ந்தெடுத்திருப்பார்களா? அவர்களை நம்பி ஏறுகிற நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விபத்து மட்டும்தான் அதிர்ச்சியா?

கூட வேலை பார்த்தவர் இறப்பது அபூர்வம். ஆனால், க்ரூவை உலுக்கிப்போடும் மற்ற விஷயங்கள் அவ்வளவு அபூர்வம் இல்லை.

நடுவானில் ஒரு பயணிக்கு மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் யாரும் இல்லாவிட்டால், நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர் கொடுக்க வேண்டியது கேபின் க்ரூ. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, உயிர் இருப்பதற்கான எந்த அறிகுறியும் இல்லாமல் 30 நிமிடமாவது போராடிய பிறகுதான் அவரை இறந்தவராகக் கருதலாம். அந்தக் குறுகலான நடைபாதையில், 30 நிமிடம், ஒருவர் மாற்றி ஒருவர், குடும்பத்தினர் பார்த்துக்கொண்டிருக்க. அப்புறம் உடலைப் போர்த்தி, பெல்ட் போட்டு, தரையிறங்கும் வரை மற்ற பயணிகளையும் கவனிக்க வேண்டும்.

தரையிறங்கியதும்? பட்ஜெட் ஏர்லைன்ஸில் ஒரே நாளில் நாலு செக்டார் பறக்கும் ரோஸ்டர் சாதாரணம். அரை மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதே முகம், அதே லிப்ஸ்டிக், அதே 'வெல்கம்'.

2024 மே 21-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. 211 பயணிகளும் 18 பணியாளர்களும் இருந்த அந்த விமானத்தில் 73 வயது பயணி ஒருவர் இறந்தார். பலருக்குக் காயம். விமானம் பாங்காக்கில் அவசரமாகத் தரையிறங்கியது. அதன் பிறகு நிறுவனம் என்ன செய்தது? சிங்கப்பூரிலிருந்து வேறொரு விமானத்தை அனுப்பியது. பயணிகளோடு, பயணம் செய்யும் நிலையில் இருந்த பணியாளர்களையும் அதில் ஊருக்கு அழைத்துவந்தது.

பெரிய விபத்து நடந்தால் எல்லோருக்கும் இது புரிகிறது. நாலு செக்டாருக்கு நடுவே நடக்கும் ஒரு தனி மரணத்துக்கோ, கையை ஓங்கிய பயணிக்கோ, அத்துமீறித் தொட்டவருக்கோ இந்தப் புரிதல் வருவதில்லை.

150 பேர் போன மறுநாள்

2015 மார்ச் 24. பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. 150 பேரும் இறந்தார்கள். அதில் 6 பேர் க்ரூ. டுசெல்டார்ஃபில் இருந்த அவர்களின் சக ஊழியர்கள் சிலர் அன்று விமானம் ஏற மறுத்தார்கள். பல ஃப்ளைட்டுகள் ரத்தாயின.

நிர்வாகம் அவர்கள் மீது பாயவில்லை. நண்பர்களை இழந்தவர்களின் முடிவைப் புரிந்துகொள்வதாகவே சொன்னது. தாய் நிறுவனமான லுஃப்தான்சாவோடு, போட்டி நிறுவனமான ஏர் பெர்லின் உட்பட மற்ற ஏர்லைன்ஸ்களும் விமானங்களைத் தந்து உதவின. போட்டியாளர்களே கை கொடுத்ததால், பயணிகளில் பெரும்பாலானோர் ஊர் போய்ச் சேர முடிந்தது.

பிறகு தெரியவந்த உண்மை இன்னும் கொடூரமானது. விமானத்தை மலையில் மோதியது அதன் துணை விமானியே. தன் மனநலப் பிரச்னையை நிறுவனத்திடம் மறைத்தவர். அதிர்ச்சிக்கு ஆளான க்ரூவும் இவரும் ஒன்றல்ல, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால், பிரெஞ்சு விசாரணை அமைப்பின் இறுதி அறிக்கை சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் நம் கேள்விக்கும் பொருந்தும். லைசென்ஸ் போய்விடும், வருமானம் போய்விடும் என்ற பயம், விமானிகளைத் தங்கள் பிரச்னையைச் சொல்லவிடாமல் தடுக்கிறது என்றது அந்த அறிக்கை.

அதன் பிறகு ஐரோப்பா விதிகளை மாற்றியது. 2021 பிப்ரவரி முதல், ஐரோப்பிய ஏர்லைன்ஸ்கள் தங்கள் விமானிகளுக்கு, மனம் விட்டுப் பேச, பயிற்சி பெற்ற சக ஊழியர்களைக் கொண்ட உதவித் திட்டத்தை வைத்திருப்பது கட்டாயம்.

நம் ஊரில் 112 பேர்

2025 ஜூன் 12. அகமதாபாத். அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள். இறந்தவர்களில் 2 விமானிகளும் 10 கேபின் க்ரூவும் இருந்தார்கள்.

நாலு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, ஏர் இந்தியாவில் 112 விமானிகள் உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். 51 பேர் கமாண்டர்கள், 61 பேர் துணை விமானிகள். இந்தக் கணக்கை ஜூலையில் மக்களவையில் சொன்னவர் விமானப் போக்குவரத்துத் துறை இணை அமைச்சர் முரளிதர் மொஹோல். விபத்துக்குப் பிறகு விடுப்பு எடுப்பது 'சற்றே' அதிகரித்ததாக அவர் குறிப்பிட்டார். விமானிகளின் மனநலத்தை மருத்துவப் பரிசோதனையிலேயே கவனிக்கவும், சக ஊழியர் உதவிக் குழுக்களை அமைக்கவும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ, 2023 பிப்ரவரியிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த 112 பேர் ஏன் விடுப்பு எடுத்தார்கள் என்று ஒவ்வொருவரின் மனசுக்குள்ளும் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பயன்படுத்த வேண்டியிருந்த வழி, 'சிக் லீவ்'. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் உள்ள அதே கட்டம். 'என் நண்பர் எரிந்துபோனார், எனக்கு இரண்டு நாள் வேண்டும்' என்று சொல்ல அங்கே தனிக் கட்டம் இல்லை.

'சிக் லீவ்' என்ற வார்த்தைக்கு நம் ஏர்லைன்ஸ் துறையில் ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில், நிர்வாகத்தின் மீது அதிருப்தியில் இருந்த கேபின் க்ரூ பலர் ஒரே நேரத்தில் சிக் லீவ் போட்டார்கள். 80-க்கும் மேற்பட்ட ஃப்ளைட்டுகள் ரத்தாயின. 25 பேரை நிர்வாகம் பணிநீக்கம் செய்தது, பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டது. அது தொழிலாளர் பிரச்னை. ஆனால், அடுத்த முறை உண்மையிலேயே உடைந்துபோன ஒருவர் சிக் லீவ் போடும்போது, 'இதுவும் அந்த மாதிரிதானோ' என்ற சந்தேகம் எழும். துக்கத்தையும் போராட்டத்தையும் ஒரே கட்டத்தில் எழுதச் சொன்னால் இதுதான் நடக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், காசு. க்ரூவின் சம்பளத்தில் பறக்கும் நேரத்துக்கான அலவன்ஸ் முக்கியமான பகுதி. பறக்காத நாள் என்றால் வருமானம் குறையும். வீட்டு லோன், தங்கச்சி படிப்பு என்று கணக்குப் போடும் 24 வயதுப் பெண்ணிடம், 'உன்னால முடியுமா, முடியாதா, நீயே சொல்லு' என்று கேட்டால் என்ன பதில் வரும்? 'முடியும் சார்.'

அதனால்தான், அவரிடம் கேட்கவே கூடாது என்று தோன்றுகிறது.

விசாரணைக்கு நிறுத்துறோம், மனசுக்கு நிறுத்த மாட்டோமா?

இந்தச் செய்தியை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள்: 'ஓடுபாதையைவிட்டு விலகிய விமானம், விமானிகள் பணியிலிருந்து விலக்கிவைப்பு.' பெரிய பாதுகாப்புச் சம்பவம் நடந்தால், விசாரணைக்காக விமானிகளை ரோஸ்டரிலிருந்து எடுப்பது நம் ஊரில் வழக்கம். அவர்கள் ஓட்ட வேண்டிய அடுத்த ஃப்ளைட்டுக்கு வேறு ஆள் போடுவார்கள். இதனால் ஏர்லைன்ஸ் எதுவும் இழுத்து மூடப்பட்டுவிடவில்லை.

அதையே மனசுக்காகவும் செய்ய முடியும். நடுவானில் மரணம், தாக்குதல், பாலியல் அத்துமீறல், அவசரத் தரையிறக்கம், சக ஊழியரின் மரணம் என்று ஒரு பட்டியல் வையுங்கள். அதில் ஒன்று நடந்தால், சம்பந்தப்பட்ட க்ரூவுக்கு அடுத்த செக்டார் கிடையாது. நிரூபிக்க வேண்டாம், அழுது காட்ட வேண்டாம், சம்பளம் குறையாது. தானாகவே ஓய்வு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ரயில் முன் ஒருவர் பாய்ந்து இறந்தால், ஓட்டுநரை அந்த ரயிலைத் தொடர்ந்து ஓட்டவைக்காமல் மாற்றிவிடுகிறார்கள். அந்த மாதிரிதான்.

அப்படி ஓய்வு கொடுத்ததும் எல்லோரையும் உட்காரவைத்து 'நடந்ததைச் சொல்லு' என்று கட்டாயப்படுத்தத் தேவையில்லை. அப்படியான ஒரே அமர்வு விசாரிப்பை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பான இடம், தூக்கம், வீட்டுக்கு ஒரு போன், பேச வேண்டும் என்றால் பேச ஒரு ஆள். பெரும்பாலானவர்கள் சில நாள்களில், சில வாரங்களில் தாங்களாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் அது வேறு கட்டம், சிகிச்சை தேவைப்படும் கட்டம்.

அப்போ ஃப்ளைட்? மாற்று க்ரூ இருந்தால் கிளம்ப வேண்டும். பயணிகளின் அவசரமும் அவசரம்தான். இல்லாவிட்டால் கேன்சல். இதில் 'இருந்தால்' என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. சென்னை மாதிரி பெரிய தளங்களில் ஸ்டாண்ட்பை க்ரூ இருப்பார்கள். சின்ன ஏர்போர்ட்டில் ஒருவர் உடைந்துபோனால், மாற்று ஆள் அடுத்த விமானத்தில்தான் வர வேண்டும். ஸ்டாண்ட்பை என்றால், வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சம்பளம். ஏர்லைன்ஸ்கள் முதலில் கத்தரி வைக்க நினைக்கும் இடமும் அதுதான்.

கையிருப்பில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் இந்தியா முழுக்கப் பார்த்தோம். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ போதிய விமானிகளைத் தயாராக வைக்கவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃப்ளைட்டுகள் ரத்து. அன்று ஏர்போர்ட் தரையில் படுத்துக்கிடந்தவர்களிடம் கேட்டால், 'விமானிகள் ஓய்வு கேட்டதுதான் தப்பு' என்றா சொல்வார்கள்? ஆள் எடுக்காதது யார் என்றுதான் கேட்பார்கள்.

காசு யார் தலையில்?

திரும்பவும் ஸ்டுட்கார்ட் விஷயத்துக்கு வருவோம். அந்த வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா?

பயணிகள் இழப்பீடு கேட்டார்கள். ஐரோப்பிய விதிப்படி, அந்தத் தூரத்துக்கு ஒருவருக்கு 400 யூரோ. டேப் நிறுவனம் மறுத்தது. துணை விமானியின் திடீர் மரணம் 'அசாதாரணச் சூழ்நிலை', அதனால் இழப்பீடு தரத் தேவையில்லை என்பது அதன் வாதம். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2023 மே 11 அன்று தீர்ப்பு: இழப்பீடு கொடுக்க வேண்டும். ஊழியருக்கு எதிர்பாராமல் நோயோ மரணமோ நேர்வது, அது எவ்வளவு துயரமானதாக இருந்தாலும், எந்த ஏர்லைன்ஸுக்கும் அதன் அன்றாட நிர்வாகத்தில் சேர்ந்ததுதான். அதற்கான திட்டத்தை நிறுவனம்தான் வைத்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது முதலில், 'ஒருத்தர் செத்திருக்கார், அதுக்கும் காசு கேக்குறாங்களே' என்று தோன்றலாம். கொஞ்சம் யோசியுங்கள். அந்த க்ரூவை 'ஏன் பறக்கலை?' என்று நீதிமன்றம் கேட்கவில்லை. பயணியிடம் 'ஏன் பொறுத்துக்கலை?' என்றும் கேட்கவில்லை. துக்கப்படும் உரிமை க்ரூவுக்கு இருக்கட்டும், நஷ்டம் கேட்கும் உரிமை பயணிக்கு இருக்கட்டும், பில்லை நிறுவனம் கட்டட்டும். க்ரூவும் பயணியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இந்தியாவில்? டி.ஜி.சி.ஏ விதிகளின்படி, உரிய நேரத்தில் முன்கூட்டியே சொல்லாமல் ஃப்ளைட்டை ரத்து செய்தால், பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. இதுபோக மாற்று ஃப்ளைட் அல்லது ரீஃபண்ட். ஏர்போர்ட்டில் காத்திருந்தால் சாப்பாடு. ஆனால், 'அசாதாரணச் சூழ்நிலை' என்றால் இழப்பீடு கிடையாது. இயற்கைப் பேரிடர், கலவரம், வேலைநிறுத்தம் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில், 'நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள்' என்றும் ஒரு வரி இருக்கிறது. க்ரூவின் அதிர்ச்சி அதில் சேருமா, சேராதா? ஐரோப்பாவுக்குக் கிடைத்த தெளிவு நம் விதியின் வாசகத்தில் இல்லை.

இந்தத் தெளிவு வந்தால் கணக்கே மாறும். கேன்சல் செய்தால் 180 பேருக்கும் காசு தர வேண்டும் என்ற நிலை வரும்போது, ஸ்டாண்ட்பை க்ரூவுக்குச் சம்பளம் கொடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இழப்பீட்டை மட்டும் கொண்டுவந்து, தானாக ஓய்வு தரும் விதியைக் கொண்டுவராவிட்டால், காசை மிச்சப்படுத்த உடைந்துபோன க்ரூவையே ஏற்றி அனுப்பும் ஆபத்து உண்டு. இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

ஃப்ளைட் கேன்சல் ஆனால் கோபப்படாதீங்க என்று சொல்லப் போவதில்லை. கோபப்படுங்க, ஆனால் கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்க. 'ஆபரேஷனல் ரீசன்ஸ்' என்பது பதில் இல்லை. மாற்று ஃப்ளைட், ரீஃபண்ட், சாப்பாடு எல்லாம் உங்க உரிமை, விட்டுக்கொடுக்காதீங்க. பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா ஆப்பில் புகார் கொடுங்க.

விமானத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, யாராவது க்ரூவிடம் அத்துமீறினாலோ, வீடியோ எடுப்பதற்கு முன்னால், உதவிக்கு ஆள் தேவையா என்று ஒரு வார்த்தை கேளுங்க. நேரில் பார்த்ததைப் பிறகு ஏர்லைன்ஸுக்கு எழுதுங்க. அந்த நாள் அவர்களுக்கு எப்படிப் போனது என்பதற்கு அது ஒரு சாட்சியாக இருக்கும்.

அடுத்த முறை, 'அந்த க்ரூ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பறந்திருக்கலாமே' என்று யாராவது போஸ்ட் போட்டால், அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்க: 'அந்த ஃப்ளைட்ல உங்க அம்மாவை ஏத்தி அனுப்புவீங்களா?'